ஒரு பக்கம் ஏறுது, ஒரு பக்கம் இறங்குது

போன இதழ்ல மினி யுபிஎஸ் பத்தி, அதான் கரண்ட் போனா வைஃபை பெட்டிய ஓட்டற குட்டி பேட்டரி பெட்டி பத்தி, போற போக்குல ஒரு வரி எழுதினேன். அதுக்கு வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் பாத்தா, நம்ம பக்கம் பாதி வீட்ல ஏதோ ஒரு பெட்டி சார்ஜ்லயே தொங்கிகினு இருக்குதுன்னு தெரியுது. கத்திரி வேற நெருங்குது, வேலூர்ல வெயிலும் கரண்ட் கட்டும் கைகோத்துகினு தான் வரும், அதனால இந்த தடவை எல்லாமே ஒரே சங்கதி: ஒரு பேட்டரி தானும் சார்ஜ் ஏறிகினு இன்னொரு சாமானையும் ஓட்டுமா, ஓட்டினா உள்ள என்ன நடக்குது.

கேள்வி: பையன் வீட்லேர்ந்தே வேலை செய்றான். வைஃபை பெட்டிக்கு பவர் பேங்க் மாட்டி வெச்சிருக்கான், அந்த பவர் பேங்க் எப்பவும் சார்ஜர்லயே கீது. ஆனா கரண்ட் போற ஒவ்வொரு தடவையும் வைஃபை ஒரு தடவை செத்துப் பொழைக்குது, கரண்ட் வரும்போதும் அதே கதை. மீட்டிங் நடுவுல கட் ஆயிடுதுன்னு என் மேல எரிஞ்சு விழறான். அப்புறம் எதுக்குங்க பவர் பேங்க்?
ஒரு அம்மா, சத்துவாச்சாரி

பதில்: நியாயமான கேள்வி மா. பையன் பண்ணது பெரிய தப்பில்ல, ஆனா அந்த சாமான் இந்த வேலைக்குன்னு செஞ்சது இல்ல.

பவர் பேங்க் உள்ள இருக்கறது லித்தியம் செல். அதோட வோல்டேஜ் 3.7, ஃபுல்லா ஏறினா 4.2. வெளில நமக்கு வேண்டியது 5 வோல்ட். அதனால உள்ள ஒரு குட்டி போர்டு செல்லோட வோல்டேஜை 5க்கு ஏத்தி விட்டுகினே இருக்கும். நீங்க சார்ஜர் மாட்டினதும் நிறைய பவர் பேங்க் என்ன பண்ணும்னா, இந்த ஏத்தற வேலைய நிறுத்திட்டு சார்ஜர்லேர்ந்து வர்ற 5 வோல்ட்டையே ஒரு பங்கு செல்லுக்கும் ஒரு பங்கு வெளிலயும் பிரிச்சு விட்டுடும். கரண்ட் போச்சுன்னா? அய்யோ சார்ஜர் போச்சேன்னு அது கண்டுபிடிச்சு, செல்லுலேர்ந்து மறுபடி ஏத்த ஆரம்பிக்கணும். இந்த இடைவெளி சிலதுல கண்ணு சிமிட்டற நேரம், சிலதுல முழுசா ஒரு செகண்ட், இன்னும் சிலது அப்படியே தூங்கிடும், பட்டனை அமுக்கினா தான் எழுந்திரிக்கும். ஃபோனுக்கு இது உறைக்கவே உறைக்காது, ஏன்னா அதுக்குள்ள சொந்தமா பேட்டரி இருக்குது. ரூட்டருக்கு, அதான் உங்க வைஃபை பெட்டிக்கு, அதெல்லாம் இல்ல, கரண்ட்டை துளி நேரம் பிடிச்சு வெக்கற ரெண்டு மூணு கெப்பாசிட்டர் தான், அது தாங்கறது செகண்ட்ல நூத்துல சில பங்கு. அதுக்கு மேல போனா ரீஸ்டார்ட், திரும்ப நெட் பிடிக்க ரெண்டு நிமிஷம், அதுக்குள்ள மீட்டிங்ல எல்லாரும் பை சொல்லிட்டு போயிருப்பாங்க.

இன்னொரு கோளாறும் இருக்கலாம். உங்க ரூட்டர் அடாப்டரை திருப்பிப் பாருங்க, பெரும்பாலும் 12 வோல்ட்னு போட்டிருக்கும், சிலது 9. பவர் பேங்க் 5 தானே தருது, அதனால பையன் நடுவுல ஒரு கேபிள் போட்டிருப்பான். அதுல ரெண்டு ஜாதி. ஒண்ணு கேபிள்லயே சின்ன டப்பா வெச்சு 5ஐ 12 ஆக்கறது. இன்னொண்ணு பவர் பேங்க்கையே 12 வோல்ட் கொடுன்னு கேட்டு வாங்கறது, ஃபாஸ்ட் சார்ஜ் பவர் பேங்க்ல தான் அது நடக்கும். ரெண்டாவது ஜாதின்னா ஒரு பேஜார்: நிறைய பவர் பேங்க் ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் வேலை செய்யணும்னா ஃபாஸ்ட் சார்ஜை கைவிட்டுட்டு 5 வோல்ட்டுக்கு இறங்கிடும். அப்ப கரண்ட் வந்து பவர் பேங்க் சார்ஜ் ஏற ஆரம்பிச்ச அந்த நொடியே ரூட்டர் படுத்துடும். நீங்க கரண்ட் *வரும்போதும்* கட் ஆகுதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதை படிச்சதும் எனக்கு இந்த சந்தேகம் தான் முதல்ல வந்துச்சு.

வீட்லயே சோதிச்சுப் பாக்கலாம். யுஎஸ்பில எரியற சின்ன எல்இடி விளக்கு ஒண்ணு, அம்பது ரூபா சாமான், அதை பவர் பேங்க்ல மாட்டி எரிய விடுங்க. அப்புறம் சார்ஜரை சொருகுங்க, பிடுங்குங்க, நாலு தடவை. விளக்கு ஒரு சிமிட்டு சிமிட்டினாலும் சரி, அது ரூட்டருக்கு லாயக்கில்ல.

ரூட்டருக்குன்னே விக்கிற மினி யுபிஎஸ் வாங்குங்க. பெரும்பாலும் உள்ள மூணு செல் வரிசையா கோத்திருக்கும், 11.1 வோல்ட், ஃபுல்லானா 12.6. நல்ல மினி யுபிஎஸ்ல அடாப்டர் வழியும் செல் வழியும் ஒரே இடத்துல வந்து சேர்ந்து தயாரா நிக்கும், ஒண்ணு போனா இன்னொண்ணு அப்படியே தோள் கொடுத்துடும், நடுவுல கண்டுபிடிச்சு மாத்தற வேலையே கிடையாது. ஆனா பேட்டரி எவ்ளோ பிடிக்கும்னு பெட்டில போட்டிருக்கற எம்ஏஎச் கணக்கை நம்பாதீங்க. 2000 எம்ஏஎச் செல் மூணு இருந்தா கூட்டிப்போட்டு 6000னு அடிச்சிருப்பாங்க. வரிசையா கோத்தா வோல்டேஜ் தான் கூடும், எம்ஏஎச் கூடாது. வாட் அவர்ல பாருங்க: 11.1ஐ 2ஆல பெருக்கினா 22 வாட் அவர் சொச்சம். ரூட்டர் 6 வாட் எடுத்தா, சேதாரம் போக மூணு மணி நேரம் ஓடினாலே நல்ல சாமான்.

வீட்ல ஏற்கனவே பெரிய இன்வெர்ட்டர் இருந்தா இதுகூட வேணாம். நிறைய இன்வெர்ட்டர்ல பின்னாடி யுபிஎஸ் மோட்னு ஒரு சுவிட்ச் இருக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டாங்க, அதை போட்டா கரண்ட் மாறற நேரம் குறையும், ரூட்டர் தாங்கிடும்.

இவ்ளோ பண்ணியும் நெட் வரலன்னா பையனை திட்டாதீங்க, என்னையும் திட்டாதீங்க. உங்க தெரு கேபிள்காரர் எங்கயாவது கம்பத்துல ஒரு பெட்டி மாட்டி அங்கேர்ந்து லைன் பிரிச்சு விட்டிருந்தா, அந்த பெட்டிக்கும் கரண்ட் வேணும்ல. உங்க வீட்டு பெட்டில பச்ச லைட்டா எரியும், நெட் மட்டும் இருக்காது. அவரை தான் பிடிக்கணும்.

கேள்வி: நான் டெய்லருங்க, தகர ஷீட் போட்ட கடை. யுஎஸ்பி ஃபேனை பவர் பேங்க்ல மாட்டி, பவர் பேங்க்கை பழைய ஃபோன் சார்ஜர்ல போட்டுட்டு தைச்சிகினு இருப்பேன். காலைல நாலு புள்ளி, சாயங்காலம் பாத்தா ரெண்டு புள்ளி. நாள் முழுக்க சார்ஜ்ல தானே இருந்துச்சு? தொட்டா கைய சுடுது வேற.
ஆம்பூர் வாசகர்

பதில்: மாடில சிண்டெக்ஸ் டேங்க் இருக்குதுல்ல, அதை நினைச்சுக்கோங்க. மோட்டார் போட்டு ஏத்திகினே கீழ குழாயையும் திறந்து விட்டிருக்கீங்க. ஏறறத விட இறங்கறது ஜாஸ்தின்னா டேங்க் காலியாகத்தான் செய்யும், மோட்டார் நாள் பூரா ஓடினாலும்.

உங்க பழைய சார்ஜரை எடுத்து பொடி எழுத்த படிங்க. அவுட்புட் 5 வோல்ட் 1 ஆம்பியர்னு இருக்கும்னு நினைக்கறேன். அப்படின்னா அதால தர முடிஞ்சதே 5 வாட் தான். உங்க ஃபேன் 5 வாட் இழுக்குதுன்னு வைங்க. மலிவு பவர் பேங்க் சிலதுல வெளில போற கரண்ட் எப்பவும் செல்லு வழியா தான் போகும். அப்ப சார்ஜர்லேர்ந்து செல்லுக்கு போறப்ப நூத்துக்கு பத்து சேதாரம், செல்லுலேர்ந்து திரும்ப 5 வோல்ட் ஆகறப்ப இன்னொரு பத்து. 5 வாட் ஃபேனுக்கு போய் சேரணும்னா உள்ள 6 வாட்டுக்கு மேல வரணும், வர்றது 5. மிச்சம் எங்கேர்ந்து வரும்? உங்க நாலு புள்ளிலேர்ந்து தான். சேதாரமான அந்த ஒரு வாட் சொச்சமும் காத்துல கரைஞ்சு போயிடல, டப்பாக்குள்ளயே சூடா உக்காந்துகினு இருக்குது. அதைத் தான் உங்க கை சொல்லுது.

2 ஆம்பியர் சார்ஜர் மாத்தினா புள்ளி குறையறது நிக்கும், ஆனா சூடு குறையாது. எனக்கு கவலை சூட்டு மேல தான். பவர் பேங்க் பின்னாடியோ அட்டைலயோ பாத்தா சார்ஜ் பண்ண 0லேர்ந்து 45 டிகிரி வரைன்னு போட்டிருக்கும், லித்தியம் செல்லுக்கு பொதுவான எல்லை அது. சித்திரை மத்தியானம் வெளியிலயே 40ஐ தாண்டற ஊர்ல, தகர ஷீட்டுக்கு கீழ, துணிக்குவியல் மேல ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதுக்குள்ள ஒரு செல், அது சார்ஜும் ஏறுது ஃபேனும் ஓட்டுது. எல்லை எப்பவோ தாண்டிடும்.

சொன்னா நம்ப மாட்டீங்க, ஊருக்கு உபதேசம் பண்ற நானே இதுல மாட்டினவன் தான். போன வருஷம் மே மாசம் ஜன்னல் ஓரமா ஒரு பவர் பேங்க், அதுல குட்டி ஃபேன், பவர் பேங்க் சார்ஜ்ல. மூணு வாரம் ஜோரா ஓடுச்சு. ஒரு நாள் எடுக்கப் போனா டப்பா டேபிள்ல சமமா உக்கார மாட்டேங்குது, ஆடுது. திருப்பிப் பாத்தா அடிப்பக்கம் பூரி மாதிரி உப்பி, மூடி ஓரத்துல ஒரு ரூபா காசு நுழையற அளவுக்கு வாய் திறந்திருக்குது. ஜன்னல் வெயில் மத்தியானம் ஒரு மணிலேர்ந்து மூணு மணி வரைக்கும் நேரா அது மேல தான் அடிக்குதுன்னு அன்னிக்கு தான் கவனிச்சேன். வீட்ல வாங்கின திட்டு தனி.

உங்களுக்கு சொல்றது சுலபம். கடையில கரண்ட் இருக்கற வரைக்கும் ஃபேன் ஒயரை நேரா சார்ஜர்லயே மாட்டுங்க. பவர் பேங்க்கை ராத்திரி வீட்ல, சும்மா இருக்கும்போது ஏத்திகினு வாங்க. கரண்ட் போனா ஒயரை கழட்டி இதுல மாட்டுங்க, அஞ்சு செகண்ட் வேலை. மிஷின் பக்கத்துல துணி மேல வைக்காம ஒரு ஓடு, டைல்ஸ் துண்டு, எது கிடைக்குதோ அது மேல வைங்க.

கேள்வி: பாலிடெக்னிக் படிக்கிறேன் அண்ணா. வீட்டு கோழிக்கூண்டுக்கு வெப்பம் பாக்கற ஒரு சாமான் செஞ்சேன்: ஒரு 18650 லித்தியம் செல், டிபி4056 சார்ஜிங் போர்டு, இஎஸ்பி8266ன்னு ஒரு வைஃபை சிப், எப்பவும் யுஎஸ்பில மாட்டியே இருக்கும். நல்லா வேலை செய்யுது, ஆனா சார்ஜிங் போர்டுல சிவப்பு லைட்டு நீலமா மாறவே இல்ல, நாலு நாளாச்சு. செல் கெட்டதா? போர்டு கெட்டதா?
ஆரணி மாணவர்

பதில்: தம்பி, ரெண்டும் நல்லா தான் இருக்குது. நீ தான் போர்டை ஏமாத்திகினு இருக்க.

டிபி4056 எப்படி வேலை செய்யுதுன்னா, முதல்ல ஒரே அளவு கரண்ட்டை தள்ளும், உன் போர்டுல 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்தா அது 1 ஆம்பியர். செல் 4.2 வோல்ட்டை தொட்டதும் வோல்டேஜை அங்கயே பிடிச்சு வெச்சுகினு கரண்ட்டை கொஞ்சம் கொஞ்சமா குறையவிடும். கரண்ட் பத்துல ஒரு பங்குக்கு, அதாவது 100 மில்லி ஆம்பியருக்கு கீழ வந்துச்சுன்னா தான், சரி செல் நிறைஞ்சுதுன்னு முடிவு பண்ணி நீல லைட்டை போடும். இங்க தான் விஷயமே. நீ உன் சாமானை செல்லோட அதே ரெண்டு ஒயர்ல தொங்க விட்டிருக்க. செல் குடிக்கற கரண்ட் எது, இஎஸ்பி குடிக்கற கரண்ட் எதுன்னு போர்டுக்கு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. செல் நிறைஞ்ச பிறகும் வைஃபை தொடர்ந்து ஆன்ல இருக்கற உன் இஎஸ்பியும் சென்சாரும் சேர்ந்து அந்த 100ஐ சுத்தியே இழுத்துகினு இருந்தா, போர்டு இன்னும் நிறையல நிறையலன்னு 4.2ஐ விடாம பிடிச்சுகினே இருக்கும். சாப்பிட்டு முடிச்சவன் இலைல பக்கத்துல இருக்கறவன் கைவிட்டு சாப்பிட்டா, பரிமாறறவருக்கு எப்படித் தெரியும்.

செல் உடனே வெடிச்சுடாது, பயப்படாத. ஆனா லித்தியம் செல்லை நாள்கணக்கா 4.2லயே கட்டிப்போடறது, அதுவும் கோழிக்கூண்டு சூட்டுல, அதோட ஆயுசை குறைக்கும்.

வழி என்னன்னா ரெண்டையும் பிரி. யுஎஸ்பி இருக்கும்போது சாமானுக்கு நேரா யுஎஸ்பிலேர்ந்தே போகட்டும், செல்லை போர்டு தனியா நிம்மதியா நிரப்பட்டும். மூணு பார்ட்ஸ் தான்: பி சேனல் மாஸ்ஃபெட் ஒண்ணு, ஏஓ3401 போதும், கரண்ட்டுக்கு கதவு மாதிரி, கேட், ட்ரெய்ன், சோர்ஸ்னு மூணு கால் இருக்கும். கரண்ட்டை ஒரே பக்கமா விடற ஷாட்கி டயோடு ஒண்ணு, 1என்5819. 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு. யுஎஸ்பி 5 வோல்ட்டை டயோடு வழியா சாமானுக்கு கொடு. செல் பக்கத்தை மாஸ்ஃபெட்டோட ட்ரெய்ன்ல, சாமானை சோர்ஸ்ல. கேட்டை யுஎஸ்பி 5 வோல்ட்ல கட்டு, அங்கேர்ந்து ரெசிஸ்டரை கிரவுண்டுக்கு இழு. யுஎஸ்பி இருந்தா கேட் மேல தூக்கி நிக்கும், மாஸ்ஃபெட் கதவை சாத்திடும். யுஎஸ்பி போச்சுன்னா ரெசிஸ்டர் கேட்டை கீழ இழுக்கும், கதவு திறந்து செல்லுலேர்ந்து கரண்ட் போகும். ட்ரெய்னையும் சோர்ஸையும் மட்டும் மாத்திடாத, நிறைய பேர் சறுக்கற இடம் அது. மாஸ்ஃபெட்டுக்குள்ள இயல்பாவே ஒரு டயோடு இருக்குது, மாத்தி வெச்சா யுஎஸ்பி கரண்ட் சார்ஜரை சுத்திகினு நேரா செல்லுக்குள்ள பாஞ்சுடும், அது நிஜமாவே ஆபத்து.

டயோடுல 0.3 வோல்ட் மாதிரி விழும், 5 போய் 4.7 வரும். இஎஸ்பிக்கு வேண்டியது 3.3 தானே, நடுவுல ரெகுலேட்டர் இருக்குதுல்ல, கவலையில்ல. அப்புறம் அந்த டிபி4056 சுடுதேன்னு அடுத்த கடுதாசி போடாத: அது வோல்டேஜை குறைக்கறதே மிச்சத்தை சூடாக்கி தான், 5லேர்ந்து 3.7க்கு 1 ஆம்பியர் தள்ளினா 1.3 வாட் அந்த நகத்தளவு சிப்லயே எரியணும். உனக்கு அவசரம் இல்லன்னா 1.2 கிலோ ஓமை எடுத்துட்டு 2.4 போடு, கரண்ட் பாதியாகும், சூடும் பாதியாகும்.

எட்டாவது படிக்கும்போது நான் டார்ச் பேட்டரில சைக்கிள் ஹாரன் அடிச்சதுக்கே தெரு பூரா சுத்தி வந்தவன். நீ கோழிக்கு வைஃபை போட்டிருக்க. நல்லா வருவ.

கேள்வி: துளசி மாடத்துக்கு சின்ன எல்இடி சரம் பவர் பேங்க்ல போட்டிருக்கேன். கரண்ட் இருக்கும்போது, அதாவது பவர் பேங்க் சார்ஜ்ல இருக்கும்போது எரியுது. கரண்ட் போனா அரை நிமிஷத்துல அணைஞ்சுடுது. எதுக்கு வாங்கினேனோ அதுக்கே உதவல!
குடியாத்தம் வாசகி

பதில்: சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. உங்க சரம் இழுக்கற கரண்ட் ரொம்ப கொஞ்சம். ஒரு 50 மில்லி ஆம்பியருக்கு கீழ போனா நிறைய பவர் பேங்க், ஓகோ ஃபோன் ஃபுல்லாயிடுச்சு போலன்னு நினைச்சு அரை நிமிஷத்துல தானா ஆஃப் ஆயிடும், செல்லை மிச்சம் பிடிக்கறதுக்காக அப்படி செஞ்சது. சார்ஜ்ல இருக்கும்போது வெளி கரண்ட் நேரா பாயறதால இந்த கணக்கு பாக்காது, அதான் எரியுது. சிலதுல பட்டனை ரெண்டு தடவை அமுக்கினா இல்ல ரொம்ப நேரம் அமுக்கிப் பிடிச்சா, ப்ளூடூத் இயர்ஃபோன் மாதிரி பொடி சாமானுக்குன்னு ஒரு மோட் வரும், அணையாம இருக்கும். உங்களதுல அது இல்லன்னா பவர் பேங்க்ல ரெண்டாவது யுஎஸ்பி ஓட்டைல இன்னொரு சரத்தையும் மாட்டிடுங்க, மாடம் இன்னும் அழகா இருக்கும்.

கேள்வி: ஃபோனை சார்ஜ்ல போட்டுகினே பேசலாமா, வீடியோ பாக்கலாமா? பேட்டரி வெடிக்கும்னு மாமியார் பிடுங்கி வெச்சுடறாங்க.
ராணிப்பேட்டை வாசகி

பதில்: ஆரணி தம்பிக்கு சொன்ன அந்த பிரிச்சு விடற ஏற்பாடு ஃபோனுக்குள்ள கம்பெனியே போட்டு தான் கொடுக்கறாங்க. சார்ஜர்லேர்ந்து ஃபோன் ஓட வேண்டியதை ஓட்டிட்டு மிச்சத்தை தான் பேட்டரிக்கு தள்ளும். பேசலாம், பாக்கலாம். ஆனா கேம் ஆடிகினே, தலகாணிக்கு அடில வெச்சுகினு, தடி கவர் போட்டுட்டு சார்ஜ் பண்ணினா மாமியார் பக்கம் தான் நான். செட்டிங்ஸ்ல 80 பர்சென்ட்டோட நிறுத்துன்னு ஒரு ஆப்ஷன் இருந்தா போட்டு விடுங்க, பேட்டரி ரொம்ப நாள் வரும்.

கேள்வி: துபாய் போறேன். 20000 எம்ஏஎச் பவர் பேங்க் விமானத்துல விடுவாங்களா?
மேல்விஷாரம் வாசகர்

பதில்: 20000ஐ 3.7ஆல பெருக்கி ஆயிரத்தால வகுத்தா 74 வாட் அவர். 100 வரைக்கும் அனுமதி உண்டு, ஆனா கைப்பைல மட்டும் தான், செக்இன் பெட்டில போட்டா பிடுங்கிடுவாங்க. விமானத்துக்குள்ள அதை பயன்படுத்தவே கூடாதுன்னு சில கம்பெனிங்க சட்டம் போட்டிருக்குது, டிக்கெட் எடுத்த கம்பெனி விதிய ஒரு தடவை பாத்துடுங்க. மேல அச்சடிச்ச எழுத்து அழிஞ்சு போயிருந்தா அதை எடுத்துகினு போகாதீங்க, கணக்கு சொல்லி அங்க யாரையும் நம்ப வைக்க முடியாது.

கேள்வி: உங்களுக்கு ஆன மாதிரியே எங்க வீட்டு பவர் பேங்க்கும் உப்பிடுச்சு. இன்னும் சார்ஜ் ஏறுது, ஃபோனும் ஏத்துது. ஊசில குத்தி காத்த எடுத்துட்டா சரியாயிடும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. பண்ணலாமா?
வாலாஜா வாசகர்

பதில்: பண்ணாதீங்க. பக்கத்து வீட்டுக்காரரையும் அது பக்கத்துல விடாதீங்க.

உள்ள இருக்கறது காத்து இல்ல, செல்லுக்குள்ள இருக்கற திரவம் சிதைஞ்சு உண்டான வாயு, தீப்பிடிக்கற சமாச்சாரம். ஊசி உள்ள போனா ரெண்டு தகடும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஷார்ட் ஆகும், அப்புறம் தீ தான், புகை தான். அது இன்னும் வேலை செய்யுதுங்கறது நல்ல சேதி இல்ல. இனிமே சார்ஜ் போடாதீங்க, ஃபோன்லயும் மாட்டாதீங்க. அமுக்காம எடுத்து ஒரு மண்சட்டிலயோ இரும்பு டப்பாலயோ போட்டு, வெயில் படாத வெளி இடத்துல, விறகு துணி இல்லாத மூலையா பாத்து வைங்க. குப்பை வண்டில போட்டுடாதீங்க, லாரில நசுங்கினா அங்க தீப்பிடிக்கும், பாவம் அந்த ஊழியர். பேட்டரி கழிவுக்குன்னு 2022ல மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, பழைய பேட்டரிய திரும்ப எடுத்துக்க ஏற்பாடு பண்ண வேண்டியது தயாரிச்ச கம்பெனியோட பொறுப்பு. அதனால அந்த கம்பெனியோட சர்வீஸ் சென்டர்ல கேளுங்க, இல்ல இ கழிவு வாங்கற இடத்துல கொடுங்க.

புதுசு வாங்கறப்ப அட்டைய விட டப்பாவ பாருங்க, ஐஎஸ்ஐ மாதிரி பிஐஎஸ் முத்திரையும் ஆர்னு ஆரம்பிக்கற ஒரு நம்பரும் அதுல இருக்கணும். பஸ் ஸ்டாண்ட்ல முன்னூறு ரூபாக்கு 50000 எம்ஏஎச்னு கூவி விக்கறதுல அதை நான் இதுவரைக்கும் பாத்தது இல்ல. என்னோட உப்பின டப்பா ரெண்டு மாசம் மொட்டை மாடி நிழல்ல மண்சட்டிக்குள்ள இருந்துச்சு, பக்கத்துல துணி காயப்போட வர்றவங்க எல்லாம் அதுல என்னங்க வடகமான்னு கேட்டுட்டு போனாங்க.